நிற்கும் ரயிலுக்கு ஒரு பாதை: அருங்காட்சியகத்தில் பழைய பெட்டிகளுக்குத் தண்டவாளம் அமைக்க முழுமையான வழிகாட்டி

ஓடும் ரயிலுக்குப் பாதை போடுவது வேறு, நிற்கும் ரயிலுக்குப் போடுவது வேறு. ஓடும் பாதையில், தண்டவாளத்தைக் குறுக்கே தாங்கும் கட்டையான ஸ்லீப்பர் ஒவ்வொன்றின் மீதும் சுமை ஒரு கணம் ஏறி இறங்கிவிடும். பாதையைச் சோதிக்கும் ஊழியரான கீமேன் நாள்தோறும் நடந்து பார்ப்பார். தாழ்ந்த இடத்தைப் பராமரிப்புக் குழுவான கேங் ஆட்கள் தூக்கி, ஜல்லியைத் திணித்துச் சரிசெய்வார்கள். காட்சிக்கு வைத்த பெட்டிக்கு அந்தக் கவனிப்பு கிடையாது. அதன் எட்டுச் சக்கரங்களும் அதே எட்டு இடங்களில் முப்பது நாற்பது ஆண்டுகள் அழுத்திக்கொண்டே இருக்கும். அடியில் மண் அரை அங்குலம் இறங்கினாலும் பெட்டியின் சட்டம் முறுக்கிக்கொள்ளும், கதவுகள் பிடிக்கும், மரப்பலகைகளின் இணைப்பு விடும்.

அதனால் இந்த வேலையில் பாதிக்கு மேற்பட்ட கவனம் தண்டவாளத்துக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வில்லிவாக்கம் பக்கம், ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) வளாகத்தையொட்டி 2002-இல் திறந்த சென்னை ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனால், அகலப்பாதை (தண்டவாள இடைவெளி 1,676 மி.மீ.), மீட்டர் கேஜ் (1,000 மி.மீ.) வண்டிகள் வெட்டவெளியில் வெயிலிலும் மழையிலும் நிற்பதைப் பார்க்கலாம். ஒரு கல்லூரியோ தொழிற்சாலையோ ஊர்ப் பூங்காவோ ஒரே ஒரு பழைய பெட்டியை வாங்கி நிறுத்த நினைத்தாலும் பின்பற்ற வேண்டிய முறை இதேதான்.

எந்த வண்டி, எந்தக் காலம்

மண்வெட்டியை எடுப்பதற்கு முன் வண்டியின் அளவுகளைத் தாளில் எழுதுங்கள். ஐ.சி.எஃப்.பில் உருவான அகலப்பாதைப் பெட்டி என்றால் இரு முனையிலும் மோதலைத் தாங்கும் பஃபர்களின் முனைக்கு முனை சுமார் 22.3 மீட்டர் நீளம், 3.25 மீட்டர் அகலம். பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் இரண்டு போகிகளின் மையங்களுக்கு நடுவே 14.78 மீட்டர். ஒரு போகியின் இரு அச்சுகளுக்கு இடையே 2.9 மீட்டர். ஆக, முதல் சக்கரத்திலிருந்து கடைசிச் சக்கரம் வரை சுமார் 17.7 மீட்டர். காலிப் பெட்டியின் எடை வகையைப் பொறுத்து 40 டன்னை ஒட்டி வரும். மீட்டர் கேஜ் பெட்டி சற்றுச் சிறியது. உடல் நீளம் சுமார் 19.5 மீட்டர், அகலம் 2.75 மீட்டருக்குள்.

எஞ்சின் என்றால் கணக்கே மாறும். டபிள்யூ.பி. வகை அகலப்பாதை நீராவி எஞ்சினில் ஓட்டும் அச்சு ஒவ்வொன்றும் 18 டன்னுக்கு மேல் அழுத்தும். மீட்டர் கேஜில் ஓடிய ஒய்.பி. எஞ்சினுக்கு அது பத்தரை டன் அளவுதான்.

அடுத்து காலம். இதைப் பலர் நினைப்பதே இல்லை. பார்வையாளர் பெட்டியைப் பார்க்கும்போது அதன் கீழே உள்ள பாதையையும் சேர்த்தே பார்க்கிறார். சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் ஓடத் தொடங்கிய மீட்டர் கேஜ் மின்ரயிலின் பெட்டியை, மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள இன்றைய தண்டவாளமும் கான்கிரீட் ஸ்லீப்பரும் போட்ட பாதையில் நிறுத்தினால் அந்தப் பெட்டி அந்நியமாகத் தெரியும். அது ஓடிய காலத்தில் கீழே இருந்தவை இலேசான தண்டவாளங்கள். மர ஸ்லீப்பர், இரும்புத் தொட்டி ஸ்லீப்பர், அல்லது இரு வார்ப்பிரும்புத் தட்டுகளை ஒரு பட்டைக் கம்பி இணைக்கும் சி.எஸ்.டி.-9. அந்த மீட்டர் கேஜ் சேவை 2004-இல் நின்றபோது ஊருக்குள் ஒரு முழுத் தொழில்நுட்பமே மறைந்தது. மீதமிருக்கும் துண்டுகளைக் காட்சிப் பாதையில் சேர்ப்பது பெட்டியைக் காப்பதற்கு இணையான வேலை. என் பரிந்துரை: அகலப்பாதைப் பழைய பெட்டிக்கு 90 ஆர் தண்டவாளம், மீட்டர் கேஜுக்கு 60 ஆர் அல்லது 75 ஆர். 90 ஆர் என்பது மீட்டருக்கு 44.6 கிலோ, 75 ஆர் 37 கிலோ, 60 ஆர் ஏறக்குறைய 30 கிலோ. நிற்கும் பெட்டியைத் தாங்க இவை தாராளமாகப் போதும்.

நீளமும் இடைவெளியும்

அகலப்பாதைத் தண்டவாளம் வழக்கமாக 13 மீட்டர், மீட்டர் கேஜுக்கு 12 மீட்டர். அகலப்பாதைப் பெட்டி ஒன்றுக்கு இரண்டு நீளம், அதாவது 26 மீட்டர் பாதை எடுத்துக்கொள்ளுங்கள். 22.3 மீட்டர் பெட்டியை நடுவில் நிறுத்தினால் இரு முனையிலும் 1.85 மீட்டர் மிஞ்சும். இந்த மிச்சம் அழகுக்காக அல்ல. 915 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் அரைச் சுற்று உருள 1.44 மீட்டர் வேண்டும். ஆண்டுகள் கழித்து, சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடத்தை மாற்றவும், பேரிங்கில் உள்ள கிரீஸ் மறுபடி பரவவும் பெட்டியை அரைச் சுற்று நகர்த்த வேண்டியிருக்கும். மிச்சம் விடாமல் போட்ட பாதையில் அது நடக்காது.

இரண்டு பாதைகள் அருகருகே என்றால், மையத்துக்கு மையம் ஆறரை மீட்டராவது விடுங்கள். ஓடும் பாதைகளின் இடைவெளியைப் பார்த்து அதையே இங்கே வைக்கக் கூடாது. இரு பெட்டிகளுக்கு நடுவே சக்கர நாற்காலியும் குழந்தைகள் கூட்டமும் கடந்து போக வேண்டும். பெயின்ட் அடிக்கச் சாரம் கட்ட வேண்டும். ஒரு பக்கம் கிரேன் நிற்கத் திறந்த நிலம் இருக்கட்டும். வளைவு வேண்டாம். நேர்கோட்டில், நீளவாக்கில் முழு மட்டமாகப் போடுங்கள். நீர் வடிய வேண்டிய சரிவை எல்லாம் கீழே உள்ள மண்ணுக்குக் கொடுங்கள், தண்டவாளத்துக்குக் கொடுக்காதீர்கள். நிற்கும் பெட்டி உருள மிகச் சிறிய சரிவே போதும்.

சென்னை மண்

இங்கேதான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். சென்னையில் மண் தெருவுக்குத் தெரு மாறும். திருவான்மியூர், சாந்தோம், ஜார்ஜ் டவுன், தண்டையார்ப்பேட்டைப் பக்கம் மணல். அண்ணா நகர், வில்லிவாக்கம், பெரம்பூர், விருகம்பாக்கம், மேற்கு மாம்பலம் பகுதிகளில் களிமண். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் பாறை அதிகம் ஆழத்தில் இல்லை.

எடையைத் தாங்குமா என்ற கேள்விக்கு விடை எளிது. 40 டன் பெட்டியில் ஒரு போகிக்கு 20 டன். அது சுமார் நாலு மீட்டர் நீளத்துக்குப் பரவி, 2.75 மீட்டர் ஸ்லீப்பர் வழியாக இறங்கினால் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு டன்னுக்கும் குறைவு. ஜல்லிக்குக் கீழே போகப் போக இன்னும் குறையும். சுமாரான களிமண்கூட இதைத் தாங்கிவிடும். டபிள்யூ.பி. போன்ற எஞ்சினில் 18 டன் அச்சுகள் இரண்டு மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் வரிசையாக நிற்பதால் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அப்போது மண் பரிசோதனை அறிக்கை இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது.

களிமண்ணில் உண்மையான சிக்கல் எடை அல்ல, அது வீங்கிச் சுருங்குவது. கார்த்திகையில் நீர் குடித்துப் புடைக்கும். சித்திரை, வைகாசியில் வெடித்துச் சுருங்கும். பெட்டியின் ஒரு முனை மரநிழலில், மறு முனை வெயிலில் இருந்தால் இரு முனைகளும் வெவ்வேறு அளவு இறங்கும். பக்கத்தில் தூங்குமூஞ்சி மரமோ அரசமரமோ நின்றால் அதன் வேர் கோடையில் ஒரு பக்கத்து ஈரத்தை மட்டும் உறிஞ்சும். பழைய பெட்டிகள் முறுக்கிக்கொள்வதற்கு இந்தச் சமமின்மைதான் பெரும்பாலும் காரணம். மரத்தை வெட்டச் சொல்லவில்லை. பாதையைத் தள்ளி வையுங்கள்.

ஆகவே, களிமண் இடத்தில் 45 முதல் 60 செ.மீ. வரை தோண்டி அந்த மண்ணை முழுக்க அப்புறப்படுத்துங்கள். அகலம், ஜல்லிப் படுகையின் அடி அகலத்தைவிட இரு பக்கமும் அரை மீட்டர் கூடுதலாக இருக்கட்டும். குழியின் தரையில் ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரியுங்கள். கீழே உள்ள களிமண் மேலே கொட்டும் கிராவலோடு கலக்காமல் அது தடுக்கும். அதன் மேல் கிராவல் அல்லது சாலை வேலைக்குப் போடும் ஜி.எஸ்.பி. கலவையை 15 செ.மீ. அடுக்குகளாகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் நீர் தெளித்து ரோலரால் அழுத்துங்கள். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் ரோலர் ஓட்டினால் அடியில் மண் தளர்வாகவே இருக்கும். அந்தத் தளர்ச்சி பெட்டி ஏறிய பிறகுதான் வெளியே தெரியும். இடிபாட்டுக் கழிவை நிரப்பாகப் போட ஒப்பந்தக்காரர் ஆசைப்படுவார், விலையும் குறைவு. சம்மதிக்காதீர்கள். செங்கல் துண்டுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம் நீர் புகுந்தால் உள்வாங்கும்.

மேற்பரப்பை 30-க்கு 1 என்ற சரிவில், நடுவிலிருந்து இரு பக்கமும் வடியும்படி முடியுங்கள். எஞ்சினுக்கு என்றால் இந்த அடுக்கின் மேல் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் ஒன்று போட்டு, அதன் மேல் ஜல்லி பரப்புவது நல்லது. சுமை ஒரே பலகையாகப் பரவும். பெட்டிக்கு இது தேவையில்லை.

நீர்

சென்னையில் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ.; அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கும். 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் உங்கள் வளாகத்தில் நீர் எதுவரை நின்றது என்று காவலாளியிடமும் அக்கம்பக்கத்துக் கடைக்காரரிடமும் கேளுங்கள். சுவரில் கறை இருக்கும். அந்தக் கோட்டுக்கு மேலே ஸ்லீப்பரின் அடி மட்டம் வரும்படி தண்டவாளத்தின் உயரத்தை முடிவு செய்யுங்கள். நிலம் தாழ்வாக இருந்து அது முடியாவிட்டால், போகியின் பேரிங்குகளாவது அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். நீரில் மூழ்கிய பேரிங்குக்குள் துரு பிடித்தால் அந்தப் பெட்டியை இனி உருட்ட முடியாது.

பாதையின் இரு பக்கமும் நீளவாக்கில் வாய்க்கால் தோண்டி, துளையிட்ட 150 மி.மீ. பி.வி.சி. குழாயை ஜியோ டெக்ஸ்டைலில் சுற்றிப் பதித்து, சுற்றிலும் சிறு ஜல்லி நிரப்புங்கள். 200-க்கு 1 சரிவு போதும். குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் முக்கியம். தெரு மழைநீர் வடிகாலோடு நேரே இணைத்தால், வடிகால் நிரம்பும் நாளில் தெருத் தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பி உங்கள் ஜல்லிக்குள் வரும். ஒருவழி மடிப்பு வால்வு ஒன்று பொருத்துங்கள். அல்லது சம்ப் கட்டி பம்ப் வையுங்கள். மணற்பாங்கான இடம் என்றால் மழைநீர் சேகரிப்புக் கிணற்றுக்கே விட்டுவிடலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு அது கட்டாயம் என்பதால் பெரும்பாலான வளாகங்களில் ஏற்கெனவே ஒன்று இருக்கும். பெட்டியின் கூரையிலிருந்து வழியும் நீர் நேராக ஸ்லீப்பர் நுனிகளில் விழும். மேலே கொட்டகை போட முடிந்தால் இந்தக் கவலையில் பாதி தீரும்.

பொருள் வாங்குதல்

கழித்த தண்டவாளம், ஸ்லீப்பர், இரு தண்டவாளங்களை இணைக்கும் ஃபிஷ் பிளேட் எல்லாவற்றையும் ரயில்வே இணையவழி ஏலத்தில் விற்கிறது. அருங்காட்சியகம் அல்லது கல்வி நிறுவனம் என்றால் கோட்ட அலுவலகத்துக்கு முறைப்படி எழுதிக் கேட்பதும் பயன் தரும். பழைய இரும்புக் கடையில் ஆவணமில்லாமல் கிடைக்கும் தண்டவாளத் துண்டை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எங்கிருந்து வந்தது என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. ஏல ரசீதையும் டெலிவரி ஆவணத்தையும் அருங்காட்சியகத்தின் நிரந்தரப் பதிவேட்டில் வையுங்கள்.

26 மீட்டர் அகலப்பாதைக்குத் தேவையானவை: 13 மீட்டர் தண்டவாளம் நான்கு, ஒரு நீளத்துக்கு 17 வீதம் 34 மர ஸ்லீப்பர், ஃபிஷ் பிளேட் இரண்டு ஜோடி, அவற்றுக்கு எட்டு போல்ட். நான்கு தண்டவாளங்களும் சேர்ந்து 90 ஆர் என்றால் 2.3 டன் வரும். ஜல்லி, ஸ்லீப்பருக்குக் கீழே 20 செ.மீ. என்று வைத்தால் சுமார் 30 கன மீட்டர். லாரிக்காரர் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட். அதன்படி பதினொரு யூனிட், சேதாரத்துக்கு ஒன்று சேர்த்துப் பன்னிரண்டு சொல்லுங்கள். 65 மி.மீ. முதல் 20 மி.மீ. வரை கலந்த, கூர்முனையுள்ள கருங்கல் ஜல்லியே வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் ஒரே அளவு முக்கால் அங்குல ஜல்லி ஒன்றோடொன்று பிணையாது. கொட்டும் முன் கழுவுங்கள். தூசியோடு கொட்டினால் இரண்டு மழையில் அது அடியில் சேறாகப் படிந்து, நீர் வடியும் வழியை அடைத்துவிடும்.

அகலப்பாதை மர ஸ்லீப்பர் 2.75 மீட்டர் நீளம், 25 செ.மீ. அகலம், 13 செ.மீ. தடிமன், மீட்டர் கேஜுக்கு 1.8 மீட்டர். பழைய தேக்கு, சால் கட்டைகள் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். உள்ளே உளுத்த கட்டை மந்தமாக ஒலிக்கும். சென்னையில் கரையான் விடாது. கட்டடங்களுக்கு அடிக்கும் கரையான் தடுப்பு மருந்தை, ஜல்லி கொட்டுவதற்கு முன் கிராவல் பரப்பின் மேல் அடித்துவிடுங்கள். கிரியோசோட் எண்ணெயில் ஊறிய பழைய கட்டைகள் கிடைத்தால் கையுறை போட்டுக் கையாளுங்கள்; குழந்தைகள் தொட்டு உட்காரும் இடத்தில் அவற்றைப் போட வேண்டாம்.

தண்டவாளம் வந்து இறங்கியதும் அதன் நடுப்பட்டையைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். உருக்கிய ஆலையின் பெயர், ஆண்டு, எடை வகை ஆகியவை புடைப்பு எழுத்தில் இருக்கும். டாடா ஆலையின் பழைய முத்திரையோ, சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டோ கண்ணில் பட்டால், அந்தப் பக்கம் பார்வையாளர் நடைபாதையை நோக்கி இருக்கும்படி திருப்பிப் போடுங்கள். அதற்குக் கூடுதல் செலவு ஏதும் இல்லை; ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குனிந்து படிப்பார்கள்.

தண்டவாளம் போடுதல்

முதலில் 20 செ.மீ. ஜல்லியைப் பரப்பி, சின்ன ரோலரால் அழுத்துங்கள். மையக்கோட்டை இரு முனையிலும் முளை அடித்து நூல் கட்டிக் குறியுங்கள். ஸ்லீப்பர்களை ஏறக்குறைய 76 செ.மீ. இடைவெளியில் அடுக்குங்கள், இணைப்பு வரும் இடத்தில் இரு பக்கத்துக் கட்டைகளும் சற்று நெருங்கி இருக்கட்டும். பழைய ஆணி ஓட்டைகளில் தார் தோய்த்த மரமுளையை அடித்து அடையுங்கள். புதிய ஓட்டையைத் துரப்பணத்தால் போட்ட பிறகே, தண்டவாளத்தைக் கட்டையோடு பிடிக்கும் ஆணியான டாக் ஸ்பைக்கை அடிக்க வேண்டும். நேரே அடித்தால் கட்டை பிளக்கும். உள்பக்க ஸ்பைக்கும் வெளிப்பக்க ஸ்பைக்கும் ஒரே இழையில் வராமல் சற்று விலகி இருக்கட்டும்.

தண்டவாளம் நிமிர்ந்து நிற்காது, உள்பக்கமாக 20-க்கு 1 சாய்ந்திருக்கும். சக்கரம் தண்டவாளத்தில் உருளும் முகம் கூம்பு வடிவம் என்பதால் இந்தச் சாய்வு தேவை. தண்டவாளத்துக்கு அடியில் சாய்வு வைத்த இரும்புத் தட்டு (பேரிங் பிளேட்) போடுங்கள், அல்லது கட்டையை அந்த அளவுக்குச் செதுக்குங்கள். கான்கிரீட் ஸ்லீப்பரில் இது வார்ப்பிலேயே இருக்கும்.

ஒரு பக்கத் தண்டவாளத்தை முதலில் முழுக்க நேராக்கிப் பிடியுங்கள். பிறகு கேஜ் கம்பியை வைத்து மற்றதைப் பொருத்துங்கள். அகலப்பாதைக்கு 1,676 மி.மீ., மீட்டர் கேஜுக்கு 1,000 மி.மீ.; தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து 14 மி.மீ. கீழே, உள்முகத்துக்கு உள்முகம் அளக்க வேண்டும். ஒவ்வொரு மூன்றாவது ஸ்லீப்பரிலும் அளந்து எழுதுங்கள். குறுக்கு மட்டத்தில் இடது வலது வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டு கேஜ் வண்டிகளையும் மாறி மாறி நிறுத்த விரும்பினால் அதே அகலப்பாதைக்குள் மூன்றாவது தண்டவாளம் ஒன்றைப் போடலாம். அதன் உள்முகத்துக்கும் அருகிலுள்ள அகலப்பாதைத் தண்டவாளத்தின் உள்முகத்துக்கும் இடையில் 676 மி.மீ. இருக்கும். தமிழ்நாட்டின் கேஜ் மாற்ற வரலாற்றைக் கண்முன் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இணைப்பில் இடைவெளி விடுங்கள். 13 மீட்டர் தண்டவாளம் 40 பாகை வெப்ப வேறுபாட்டில் 6 மி.மீ. நீளும், சுருங்கும். மார்கழி விடியலுக்கும் கத்திரி வெயில் மதியத்துக்கும் நடுவே தண்டவாளம் அந்த வேறுபாட்டைக் காணும். கோடை மதியத்தில் வேலை செய்தால் ஒன்றிரண்டு மி.மீ. போதும், குளிர்ந்த காலையில் என்றால் ஐந்தாறு. ஃபிஷ் பிளேட்டின் உள்முகத்தில் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். வெல்டிங் வேண்டாம், பழைய பாதையில் இணைப்பு தெரிய வேண்டும்.

பின்னர் பேக்கிங். பாதையை ஜாக்கியால் தேவையான மட்டத்துக்குத் தூக்கி, பீட்டர் என்ற கருவியால் ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியைத் திணிக்க வேண்டும். தண்டவாளம் உட்காரும் இடத்தின் இரு பக்கமும் நெருக்கமாகத் திணியுங்கள். ஸ்லீப்பரின் நடுப்பகுதியில் தளர்வாக விடுங்கள். நடுவில் இறுக்கினால் கட்டை முதுகு வளைந்து இரு நுனியும் தொங்கும். இந்த வேலைக்கு ஓய்வுபெற்ற கேங்மேட் (கேங் ஆட்களின் தலைவர்) ஒருவரை அழைத்து வந்து அவர் சொல்படி ஆட்களை இயக்குங்கள். பெரம்பூர், அயனாவரம், தாம்பரம், அரக்கோணம் பக்கம் அப்படிப்பட்ட அண்ணன்மார்கள் இருக்கிறார்கள். தண்டவாளத்தில் கண்ணை வைத்துக் குனிந்து பார்த்து, “நாலாவது கட்டையில கொஞ்சம் தூக்குப்பா” என்று அவர் சொல்வதை டம்பி லெவல் என்ற மட்டக் கருவி பிறகு உறுதி செய்யும். அந்தக் கண் இன்னும் சில ஆண்டுகளே நமக்குக் கிடைக்கும்.

கடைசியாகக் கட்டைகளுக்கு நடுவே ஜல்லி நிரப்புங்கள். மேல்மட்டம் கட்டையின் மேல்முகத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிற்கட்டும், மரம் காயும். பேவர் பிளாக்கையோ சிமென்ட் தளத்தையோ தண்டவாளத்தை ஒட்டிக் கொண்டுவந்து முட்ட வைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். தண்டவாளத்தின் பாதம் நீரிலேயே ஊறி அரித்துப்போகும். கடற்கரையை ஒட்டிய இடங்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். அங்கே துத்தநாகச் சத்துள்ள எபாக்சி பிரைமர் அடித்த பிறகே தண்டவாளத்தைப் போடுங்கள்.

தடுப்புக் கட்டை

இரு முனையிலும் தடுப்பு வேண்டும். அகலப்பாதைப் பெட்டிக்குப் பஃபர் மைய உயரம் அதிகபட்சம் 1,105 மி.மீ.; இரு பஃபர்களுக்கு இடையே 1,956 மி.மீ. கழித்த தண்டவாளத்தை வளைத்துச் சட்டமாக்கி, குறுக்கே கனத்த மரக்கட்டை பூட்டி, சிவப்பு அடித்தால் பழைய பாணி தடுப்பு கிடைத்துவிடும். மீட்டர் கேஜ் வண்டிக்கு நடுவில் ஒற்றைப் பஃபர்தான், அதுவும் தாழ்வாக. அதன் தடுப்பை அதற்கேற்பச் செய்யுங்கள்.

ஒரு மழைக்காலம் காத்திருங்கள்

பொங்கல் முடிந்ததும் மண்வேலை தொடங்கினால் ஆடிக்குள் பாதை தயாராகிவிடும். உடனே பெட்டியை ஏற்ற எல்லோரும் துடிப்பார்கள், திறப்பு விழாத் தேதியும் குறித்திருப்பார்கள். என் வேண்டுகோள்: வெறும் பாதையை ஒரு வடகிழக்குப் பருவமழை முழுக்க நனைய விடுங்கள். முடிந்தால் மணல் மூட்டைகளைப் போகி வரும் இடங்களில் அடுக்கி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழாய் எப்படி வடிகிறது, எங்கே நீர் தேங்குகிறது என்று குடை பிடித்துப்போய்ப் பாருங்கள். தை மாதம் மட்டம் அளந்து, இறங்கிய இடத்தைத் தூக்கிப் பேக்கிங் செய்த பிறகு பெட்டியை வரவழையுங்கள். பெட்டி ஏறிய பின் அதே வேலைக்குக் கிரேன் வாடகை கொடுக்க வேண்டியிருக்கும்.

பெட்டியைக் கொண்டுவந்து ஏற்றுதல்

சாலை வழி வரும் பெட்டி தாழ்தள டிரெய்லரில் வரும். உடல் தனி, போகிகள் தனி. சாலைக்கு இது அளவு மீறிய சரக்கு என்பதால் போக்குவரத்துத் துறை அனுமதியும் போலீஸ் அனுமதியும் வேண்டும், நகருக்குள் இரவில்தான் நகர்த்த முடியும். போகி கழற்றிய உடலும் டிரெய்லரும் சேர்ந்தால் நாலு மீட்டருக்கு மேல் உயரம் வரும். கெங்கு ரெட்டி சுரங்கப்பாதை, துரைசாமி சுரங்கப்பாதை போன்றவற்றைத் தவிர்த்து வழியை வகுத்து, முதல் நாள் இரவே அளவுக்கோலோடு ஒருமுறை வண்டியில் போய்ப் பாருங்கள். வளைவுகளில் மரக்கிளை, கேபிள் டி.வி. வயர், தெருவிளக்குக் கம்பம் மூன்றும் குறுக்கே வரும்.

வளாகத்துக்குள் முதலில் போகிகளைத் தண்டவாளத்தில் இறக்குங்கள். மையத்துக்கு மையம் 14.78 மீட்டர் அளந்து, நான்கு பக்கமும் ஆப்புக் கட்டை கொடுத்து அசையாமல் பூட்டுங்கள். உடலை இரு கிரேன்கள் இரு முனையிலும் பிடித்து ஒரே நேரத்தில் தூக்கி, அதன் மைய ஊசி போகியின் மையக்குழியில் உட்காரும்படி இறக்க வேண்டும். பெல்ட்டை உடலைச் சுற்றி நேராகக் கட்டவே கூடாது, பக்கச் சுவர் நசுங்கும். சட்டத்தில் ஜாக்கி வைக்கக் குறித்த இடங்களில் மட்டும் பிடித்து, மேலே பெல்ட்டுகளை விலக்கிப் பிடிக்கும் ஸ்ப்ரெடர் பீம் கொடுங்கள். கிரேனின் திறன் அதன் கை நீள நீளக் குறையும். 40 டன் பெட்டிக்கு 40 டன் கிரேன் என்று கணக்குப் போடுபவரை வேலையில் சேர்க்காதீர்கள். கை எவ்வளவு தூரம் நீட்ட வேண்டும் என்பதை வைத்து வாடகை நிறுவனத்தின் பொறியாளர் எழுத்தில் கொடுக்கட்டும். கிரேனின் கால்களுக்குக் கீழே இரும்புத் தகடு போடுங்கள். அந்த இடத்தில் கழிவுநீர்க் குழாயோ செப்டிக் டேங்க்கோ உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டறியுங்கள். மேலே மின்கம்பி சென்றால், மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே கை உயர வேண்டும்.

ஏறியதும் கைபிரேக்கைப் பூட்டி, சக்கரங்களுக்கு இருபுறமும் ஆப்பு வையுங்கள். நீண்ட காலம் நிற்கப்போகும் பெட்டி என்றால், சட்டத்தின் கீழே போகிகளை ஒட்டி இரும்புத் தாங்கிகள் நிறுத்தி, ஸ்பிரிங் மீதுள்ள சுமையில் ஒரு பகுதியை அவற்றுக்கு மாற்றுங்கள். தாங்கி நிற்கும் இடத்துக்குத் தனியாகக் கான்கிரீட் அடித்தளம் வேண்டும். இதை மண்வேலை நடக்கும்போதே போட்டுவிடுவது புத்திசாலித்தனம். ஸ்பிரிங் தளராது, பேரிங்கும் பிழைக்கும். பெட்டிக்குள் விளக்கு, விசிறி இணைக்கப்போகிறீர்கள் என்றால் உடலையும் தண்டவாளத்தையும் எர்த் செய்யாமல் மின் இணைப்பு கொடுக்க வேண்டாம்.

மக்கள் ஏறுவதற்கு

அகலப்பாதை உயர் நடைமேடை தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மி.மீ. வரை இருக்கும். ஒரு பக்கம் மட்டும் நடைமேடை கட்டுங்கள், மறுபக்கம் திறந்திருக்கட்டும்; சக்கரமும் பிரேக் கம்பிகளும் ஸ்பிரிங்கும் முழுக்கத் தெரியும். சாய்தளம் 12-க்கு 1 என்றால் 760 மி.மீ. உயரத்துக்கு ஒன்பது மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நீளம் வரும், நடுவில் ஓய்வுத் தளமும் சேர்த்து இடம் ஒதுக்குங்கள். பழைய ஊர் நிலையங்கள் பலவற்றில் நடைமேடை தண்டவாள மட்டத்திலேயே இருந்தது, மக்கள் படியில் ஏறித்தான் பெட்டிக்குள் போனார்கள். அந்தக் காலத்துப் பெட்டி உங்களிடம் இருந்தால் அதையே செய்து காட்டலாம். சக்கர நாற்காலிக்கு மட்டும் தனியாக ஒரு தூக்கி மேடை வையுங்கள்.

பதிவேடும் பராமரிப்பும்

பெட்டி ஏறிய அன்றே எட்டுச் சக்கரங்களுக்கு அருகிலும் தண்டவாளத்தின் மேல்மட்டத்தை, அசையாத ஒரு கட்டடத் தூணில் குறித்த அடையாளத்தை ஒப்பிட்டு அளந்து எழுதுங்கள். பிறகு ஆண்டுக்கு இருமுறை: மழை முடிந்த தை மாதம் ஒன்று, மண் காய்ந்த வைகாசியில் ஒன்று. ஏதாவது ஒரு சக்கரம் மற்றவற்றைவிட 5 மி.மீ. கூடுதலாக இறங்கியிருந்தால் அடுத்த மழைக்கு முன் பேக்கிங் செய்யுங்கள். எல்லாம் சமமாக இறங்கியிருந்தால் கவலை வேண்டாம். புரட்டாசியில் வடிகுழாயின் வாயைத் திறந்து இலைதழை எடுங்கள், ஜல்லிக்கு நடுவே முளைத்த செடியை வேரோடு பிடுங்குங்கள். அரசங்கன்று விட்டுவைத்தால் இரண்டே ஆண்டில் ஸ்லீப்பரைப் பிளக்கும். ஃபிஷ் போல்ட்டுகளைக் கழற்றி, கிரீஸ் தடவி, மறுபடி பூட்டுங்கள். தண்டவாளத்தின் மேல்முகத்தில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். பெட்டியை அரைச் சுற்று உருட்டும் ஆண்டில், தாங்கிகளை இறக்கிவிட்டு, பிரேக்கை விடுவித்து, இரு முனையிலும் ஆள் நிற்க, டிர்ஃபர் என்ற கை இழுவைக் கருவியால் மெதுவாக இழுங்கள். உருட்டிய தேதியையும் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்பதையும் அதே பதிவேட்டில் எழுதிவிட்டுத் தாங்கிகளை மறுபடி ஏற்றுங்கள்.